கூரைக்கு வெட்டிய கிணறு

எங்கள் பக்கம் யார் எங்கே குழி தோண்டினாலும், அந்த வழியாகப் போகிறவர்கள் நின்று கேட்பது ஒரே கேள்விதான்: "தண்ணி வந்துருச்சா?" கக்கூஸுக்குத் தோண்டினாலும் அதே கேள்வி, கொடிக்கம்பத்துக்குத் தோண்டினாலும் அதே கேள்வி. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி மாதம் முழுக்க அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்தது. அருப்புக்கோட்டையில் நான் டிரில் மாஸ்டராக இருந்த பள்ளிக்கூடத்தின் கால்பந்து மைதானத்தில், பார்வையாளர் மேடைக்குப் பின்னால் நான்கு கிணறுகள் வெட்டிக்கொண்டிருந்தோம். தண்ணீருக்காக இல்லை, கூரைக்காக என்று சொன்னால், கேட்டவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விடுவார்.

மைதானத்துக்கு மேற்கே ஊருணிக் கரை. அதனால் மேடையைக் கிழக்குப் பக்கம் கட்டியிருந்தார்கள். சாயங்காலம் ஆட்டம் பார்க்க வருகிறவன் சூரியனை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். இதை யாரும் யோசிக்கவில்லையா என்று கேட்காதீர்கள். இடம் குறித்தது காலை பத்து மணிக்கு.

மேடையில் பத்துக் கல்படிகள். மேல் ஐந்து படிகளுக்கு மட்டும் கூரை இருந்தது. முன்பக்கம் ஒரு தூண்கூடக் கிடையாது. படிகளுக்குப் பின்னால் நான்கு பழைய தண்டவாளங்களைக் கம்பமாக நட்டு, அவற்றின் உச்சியிலிருந்து கம்பி வடங்கள் சரிந்து வந்து கூரையின் முன்விளிம்பைத் தூக்கிப் பிடித்திருந்தன. கம்பங்கள் முன்னால் சாய்ந்துவிடாமல் இருக்க, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வடம் பின்பக்கம் இறங்கித் தரைக்குள் புதைந்திருந்தது. பனங்கைச் சட்டம், மேலே லாரித் தார்ப்பாய், அவ்வளவுதான் கூரை. வெளியூர் ஆட்டக்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கோல் கம்பத்தைப் பார்க்கமாட்டார்கள், இந்தக் கூரையைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். நானே கட்டியது போல எனக்குப் பெருமையாக இருக்கும்.

கட்டியவர் பரளச்சிப் பக்கத்து மேஸ்திரி. கிணறு வெட்டுவதுதான் அவர் தொழில். என் வயதுதான் இருக்கும். கிணற்றுக்குள்ளிருந்து மண் தூக்கும் கைக் கிரேனுக்காக, தூத்துக்குடித் துறைமுகத்தில் கழித்துப்போட்ட வடங்களை வாங்கி லாரியில் ஏற்றி வருவார். அந்த வடங்களைப் பார்த்துத்தான் இந்தக் கூரை யோசனையே அவருக்கு வந்ததாம். வாயில் வெற்றிலை இருந்தால் யோசிக்கிறார் என்று அர்த்தம். துப்பிவிட்டால் முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம். நடுவில் அவரிடம் பேசிப் பயனில்லை.

பிரச்சினை கீழ் ஐந்து படிகளில் இருந்தது. அவைதான் பெண்களுக்கு. நிழலில் ஆண்கள், வெயிலில் பெண்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆண்கள் முதலில் வந்து நிழலைப் பிடித்தார்கள், மிச்சம் பெண்களுக்கு ஆயிற்று. என் மனைவி தூத்துக்குடிக்காரி. அவளுடைய அண்ணன் தம்பி நாலு பேரும் பந்து விளையாடியவர்கள். ஆஃப்சைடு எது, எது இல்லை என்பதில் என்னோடு சண்டை போட்டு ஜெயிக்கக்கூடியவள். அவள்தான் நெசவுத் தெருப் பெண்களை முதலில் மைதானத்துக்கு அழைத்து வந்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிற அந்தப் பெண்கள் மைதானத்தில் நல்ல தமிழில் உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டம் சூடு பிடித்ததும் தமிழ் போய்விடும். எதிர்க்கட்சி கோல்கீப்பருக்குத் தெலுங்கில் விழும் வசவு.

வருஷா வருஷம் சித்திரையில் அங்கே கால்பந்துப் போட்டி நடக்கும். அதற்கு முந்தின வருஷம் ஃபைனலில், வெயில் தாங்காமல் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். போட்டிக் கமிட்டி கூடியது. கமிட்டித் தலைவர் பருத்தி வியாபாரி. ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். நல்ல மனிதர். நல்ல மனசோடுதான் சொன்னார், அடுத்த வருஷத்திலிருந்து பெண்கள் வர வேண்டாம், பாவம் என்று. இந்தப் பாவத்தைக் கேட்டு என் மனைவிக்கு வந்த கோபத்தில், ஒரு வாரம் என் வீட்டில் சோறு இருந்தது, பேச்சு இல்லை. நான் கமிட்டிக்குத் திரும்பிப் போய் வாதாடினேன். கடைசியில் அண்ணாச்சி இறங்கி வந்தார்.

"நெழலு போட்டுட்டா வரட்டும் மாஸ்டர். ஆனா முன்னால ஒரு தூணு நிக்கக்கூடாது, ஆட்டத்த மறைக்கும். சித்திரைக்குள்ள முடியலைன்னா, பொம்பளையாளுக வீட்டுலயே இருக்கட்டும்."

அதாவது கூரையை இன்னும் பதினைந்து அடி முன்னால் நீட்ட வேண்டும், அந்தரத்தில். மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு மேடையை இரண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்தார்.

முதல் சிக்கல் கனம். இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு செங்கல்லைக் கையில் கொடுத்து, கையை நீட்டிக்கொண்டு நில் என்பது நான் சேட்டை செய்யும் பையன்களுக்குக் கொடுக்கும் தண்டனை. செங்கல் அதேதான், கை நீண்டால் கனக்கும். இப்போது அந்தத் தண்டனையை நாலு தண்டவாளக் கம்பங்களுக்குக் கொடுக்கப் போகிறோம். வடமும் படுத்துவிடும். செங்குத்தாக இருக்கிற வடம் தூக்கும், படுத்த வடம் இழுக்க மட்டும்தான் செய்யும் என்றார் மேஸ்திரி. அதனால் கம்பங்களை உயர்த்தினார். ஒவ்வொன்றின் தலையிலும் இன்னொரு தண்டவாளத் துண்டை வைத்து, இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை கொடுத்து போல்ட்டு முடுக்கினார். புது விளிம்புக்கு அந்த உச்சியிலிருந்து புது வடங்கள் இறங்கின. பழைய விளிம்பைப் பழைய வடங்களே பிடித்துக்கொண்டன.

வடங்களை அவர் சோதித்த விதத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. எங்கள் ஊரில் எங்கும் கிடக்கிற பொருள் பஞ்சு. ஒரு பிடி பஞ்சை எடுத்து வடத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடப்பார். பஞ்சு எங்கே சிக்குகிறதோ அங்கே ஒரு கம்பி அறுந்திருக்கிறது. மூன்று இடத்துக்கு மேல் சிக்கினால் அந்த வடத்தைத் தூக்கி எறிந்துவிடுவார். லாரியில் வந்த வடத்தில் பாதி இப்படிப் போயிற்று. எனக்கு வயிறு எரிந்தது. அவருக்கு எரியவில்லை. நம்பி ஆளை இறக்குகிற கயிற்றை அவர் அப்படித்தான் பார்த்துப் பழகியிருந்தார்.

இரண்டாவது சிக்கல்தான் கிணறுகள். முன்னால் இழுப்பு கூடினால் பின்னால் பிடிப்பும் கூட வேண்டும். பழைய வடங்களை நாலடி ஆழத்தில் கல்லோடு கட்டிப் புதைத்திருந்தார். கரிசல் மண். கோடையில் வெடித்துக் கிடக்கும். என் கை முழங்கை வரை போகிற வெடிப்புகள். மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும், அதனால் எதையும் ஒரே இடத்தில் பிடித்து வைத்துக்கொள்ளாது. வருஷா வருஷம் வடம் தொய்ந்துபோய் அவர் வந்து இறுக்கிவிட்டுப் போவார். இந்த முறை கரிசலை நம்பப்போவதில்லை என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பினார்.

தோண்டினார்கள். ஐந்தடிக்குக் கரிசல், அப்புறம் மஞ்சள் மண், அப்புறம் கடப்பாரை பட்டால் பொறி பறக்கிற சுக்கான். பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கு வெட்டுவார்களே, அதே சுக்கான்தான். பதினாலு அடியில் அதைக் குடைந்து, ஒரு தண்டவாளத் துண்டைக் குறுக்கே படுக்கவைத்து, வடத்தை அதில் சுற்றிக் கட்டி, மேலே கல்லும் சுண்ணாம்புமாக நிரப்பினார். நான் ஒரு நாள் கயிற்றைப் பிடித்து உள்ளே இறங்கிப் பார்த்தேன். அந்தக் குடைவு கோயில் வேலை போல அத்தனை சுத்தமாக இருந்தது. மூடிப் புதைக்கப்போகிற வேலைக்கு எதற்கு இத்தனை சுத்தம் என்று கேட்டேன். அவர் ஓரத்தில் உதிர்ந்து கிடந்த கல்லைப் பொறுக்கிக் கூடையில் போட்டார்.

மூன்றாவது காற்று. சித்திரையில் எங்கள் பொட்டலில் சுழற்றி அடிக்கும். அந்தரத்தில் நிற்கிற தார்ப்பாய்க்குக் கீழே காற்று புகுந்தால் கூரை மேல்நோக்கிப் பிய்த்துக்கொண்டு போகும். வடம் தூக்கத்தான் செய்யும், அழுத்தாது. அதனால் பழைய கூரையும் புதிய கூரையும் சேருகிற இடத்தை, ஆறு வடங்கள் போட்டுக் கீழே கல்படிகளோடு இழுத்துக் கட்டினார். மேலே தூக்குகிற வடங்களில் இருந்தது போலவே, இவை ஒவ்வொன்றின் நடுவிலும் மரை வெட்டின ஒரு இரும்புக் கண்ணி, பந்தல்குடி லாரிப் பட்டறையில் சொல்லிச் செய்தது. அதைத் திருகினால் வடம் இறுகும். நன்றாகவே இறுக்கினார். அந்த இணைப்பு ஒரு முழம் கீழே இறங்கி, கூரை முழுக்க விறைத்து நின்றது.

ஃபைனலுக்குப் பத்து நாள் முன்னால் ஒரு சூறைக்காற்று வந்தது. தலைமையாசிரியர் அறை ஓடுகள் பறந்தன. மைதானத்து வேலி சாய்ந்தது. கூரை அசையவில்லை. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பரளச்சி வரை மிதித்துப் போய் மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் ஒரு கிணற்றுக்குள் இருந்தார். மேலே நின்று கத்தினேன். சரி என்று கீழேயிருந்து பதில் வந்தது.

போட்டி தொடங்கியது. பெண்கள் வந்தார்கள். கீழ் ஐந்து படிகளும் நிறைந்தன. முன்விளிம்பின் நிழல் அவர்கள் மடிவரை விழுந்தது. என் மனைவி இரண்டாம் படியில் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோது, என் வாழ்க்கையில் உருப்படியாக ஒரு வேலை செய்துவிட்டேன் என்று தோன்றியது. செய்தது மேஸ்திரி என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஃபைனல் அன்று ஆளுக்கொரு கோல் ஆகியிருந்தது. இரண்டாம் பாதியில் தெற்கே இருட்டிக்கொண்டு வந்து, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் மழை இறங்கியது. ஏழு மாதம் கழித்து வந்த மழை. வேறு ஊராக இருந்தால் ஜனங்கள் கூரைக்குள் ஓடி வருவார்கள். எங்கள் ஊரில் ஆண்கள் எல்லாரும் கூரைக்குள்ளிருந்து வெளியே ஓடினார்கள். ஆட்டக்காரர்கள் பந்தை விட்டுவிட்டு முகத்தை மேலே தூக்கி நின்றார்கள். ரெஃபரி விசிலைப் பையில் போட்டுக்கொண்டார். நானும்தான் கையை விரித்துக்கொண்டு நின்றேன். மைதானத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரே ஒருவர்தான்.

மேஸ்திரி ஓடி வந்து என் தோளைப் பிடித்துத் திருப்பினார். கூரையின் நடுவில், கீழே இழுத்துக் கட்டியிருந்த அந்த இணைப்பு நெடுக, தார்ப்பாய் சினை எருமையின் வயிறு போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அத்தனையும் தண்ணீர். போக வழியில்லாமல் நின்று கனத்துக்கொண்டே இருந்தது. அதற்கு நேர் கீழே பெண்கள் உட்கார்ந்து, ஆட்டம் மறுபடி எப்போது தொடங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வடங்கள் முனகுவது மழைச் சத்தத்திலும் கேட்டது.

என் மனைவிக்கு நான் கைகாட்டியது போதுமாக இருந்தது. ஏன் என்று கேட்காமல் எழுந்து, பிள்ளைகளை முதலில், அப்புறம் பெண்களை, படி படியாக ஓரத்துக்கு இறக்கி வெளியே கொண்டுவந்தாள். அதற்குள் மேஸ்திரி, ஊருணிக் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரின் துறட்டிக் கம்பைப் பிடுங்கி வந்து, வயிறு தொங்குகிற இடத்தில் அதன் அரிவாள் முனையால் ஒரே குத்து. ஒரு தண்ணீர்த் தூண் இறங்கியது. அவர் அதற்கடியிலேயே நின்றார். தார்ப்பாய் மெல்ல மெல்ல மேலேறியது. பின்னால் ஓடிப் போய்ப் பார்த்தேன். கம்பங்கள் நான்கும் நேராக நின்றன. சுக்கானில் கட்டிய வடம் ஒரு விரல்கூட வெளியே வரவில்லை.

அதற்குள் பெண்கள் குடிதண்ணீர் அண்டாக்களைக் கொண்டுவந்து அந்தத் தூணுக்கடியில் வைத்துவிட்டார்கள். அண்டா நிறைந்ததும் வீடுகளுக்கு ஓடிக் குடங்களோடு வந்தார்கள். ஆபத்து போயிற்றா என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

மழை நின்றதும் அண்ணாச்சி வந்தார். மறுநாள் சாயங்காலம் ஃபைனலைத் திரும்ப நடத்தலாம், ஆனால் பெண்கள் வேண்டாம், நீட்டின கூரையைப் பிரித்துவிடலாம் என்றார். இந்த முறை அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மேஸ்திரி நனைந்த துண்டைப் பிழிந்துகொண்டே நின்றார். அப்புறம் என்னிடம் மட்டும் சொன்னார்.

"காத்த நெனச்சேன் மாஸ்டர், தண்ணிய நெனக்கல. காலமெல்லாம் குனிஞ்சு தோண்டித் தேடுறவன் நானு. எனக்குத் தண்ணின்னா கீழ இருந்து வாரதுதான். மேல இருந்து வரும்னு புத்தியிலயே இல்ல."

சிரிப்பு வந்தது. அவருக்கு மட்டுமா இல்லை? அந்தக் கூரையை ஒரு மாதம் பார்த்த நூறு பேரில், எனக்கும் அண்ணாச்சிக்கும் சேர்த்து, ஒருவருக்கும் இல்லை. தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டவர் அவர் ஒருவர்தான். அதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல் இருந்தது.

விடிந்ததும் வந்துவிட்டார். எதையும் பிரிக்கவில்லை. படிகளோடு கட்டியிருந்த ஆறு வடங்களையும் அவிழ்த்தார். பழைய விளிம்பைப் பிடித்திருந்த வடங்களின் கண்ணிகளைத் திருகித் திருகி, பள்ளமாக இருந்த இணைப்பை முகடாக உயர்த்தினார். அவிழ்த்த வடங்களைப் புது விளிம்பின் இரண்டு ஓரத்துக்கும் கொண்டுபோய் அங்கே கீழே இழுத்துக் கட்டினார், காற்றுக்கு அந்தப் பிடி போதும். வடக்கு மூலையை மட்டும் ஒரு சாண் கூடுதலாக இறக்கி, அங்கே கித்தானில் ஒரு குழாய் தைத்துத் தொங்கவிட்டார். கிழித்த ஓட்டையைத் தைத்தது என் மனைவி. மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. முன்விளிம்பு இறங்கியதால் நிழலும் இன்னும் ஒரு படிக்குக் கூடுதலாக விழுந்தது.

அண்ணாச்சி சுற்றி வந்து பார்த்தார். "நேத்தும் நல்லாத்தான் நின்னுச்சு. இது வடியும்னு நான் எப்படி நம்புறது? தண்ணிய ஊத்திக் காட்டச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, கடைக்குப் போய்விட்டு மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் முடியாத காரியம் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். குழாயில் வாரத்துக்கு ஒரு நாள் தண்ணீர் வருகிற ஊர். ஊருணியில் நேற்றைய மழை ஒரு சேறு போட்டிருந்தது, அவ்வளவுதான். கூரையில் ஊற்றிப் பார்க்க யார் கொடுப்பார்கள் ஐம்பது குடம்? மேஸ்திரி படியில் உட்கார்ந்து வெற்றிலையைப் போட்டார். வெகுநேரம் துப்பவே இல்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி ஊசியைத் தலைப்பில் குத்திக்கொண்டு எப்போது எழுந்து போனாள் என்று நான் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு அண்ணாச்சி வரவும், நெசவுத் தெரு முனையில் அவர்கள் திரும்பவும் சரியாக இருந்தது. ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு குடம். முன்னால் என் மனைவி. நேற்றுப் பிடித்த மழைத் தண்ணீர், ஒரு வாரத்துக்கு வைத்துக் குடிக்க வேண்டியது. ஏணியடியில் வரிசையாக நின்று குடங்களைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். மேஸ்திரியின் ஆட்கள் முகட்டை ஒட்டி முன்சரிவில் கவிழ்த்தார்கள். மேஸ்திரி நேற்று வயிறு தொங்கிய இடத்துக்கு நேர் கீழே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நானும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பயமாகத்தான் இருந்தது. தலைக்கு மேலே தார்ப்பாயில் தண்ணீர் சலசலவென்று ஓடுவது கேட்டது. எங்கும் தேங்கவில்லை. வடக்கு மூலையில் கித்தான் குழாய் வழியாகக் கொட்டியது. காலியான குடங்கள் ஒவ்வொன்றாக அங்கே வந்து, அதே தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தன.

கடைசிக் குடம் வரை அண்ணாச்சி நின்று பார்த்தார். அப்புறம் குனிந்து, குழாயில் கொஞ்சம் ஏந்திக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அவுகள உக்காரச் சொல்லுங்க மாஸ்டர்" என்றார்.

மேஸ்திரி வெற்றிலையைத் துப்பினார்.

அன்று எங்கள் அணி இரண்டு கோல் வாங்கித் தோற்றது. தெலுங்கு வசவு ஊருணி வரை கேட்டது. கூரை அதற்கப்புறம் நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தவரை நின்றது. வடங்களை ஒருமுறைகூட இறுக்க வேண்டியிருக்கவில்லை.

ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் என் மனைவி குடத்தை இறக்கி வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். தார்ப்பாய் குடித்தது போக, சிந்தியது போக, கால் குடம் குறைந்திருந்தது. எல்லார் குடத்திலும் அப்படித்தானாம். எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"கொறஞ்சா கொறையட்டும்" என்று அவள் குடத்தை மூடினாள். "அந்தக் காக்குடந்தான் எங்க டிக்கெட்டுன்னு உங்க அண்ணாச்சிகிட்டச் சொல்லிருங்க. இனிமே வாசல்ல வச்சு யாரும் எங்களக் கேக்கக்கூடாது."